கடையா, வரியா, பள்ளித் தட்டா? லத்தீனோக் குழந்தைகளைச் சுற்றியுள்ள சாப்பாட்டை மாற்ற எதில் கை வைப்பது

கலிஃபோர்னியாவில் மகளைப் பொதுப் பள்ளிக்கு அனுப்பும் ஒரு வாசகி எழுதியிருந்தார். பள்ளி மாவட்டத்தின் நலக்குழுவில் பெற்றோர் சார்பாக அவரைச் சேர்த்திருக்கிறார்கள். மாவட்டத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் லத்தீனோ வீட்டுப் பிள்ளைகள், அதாவது மெக்சிகோ போன்ற லத்தீன் அமெரிக்க நாடுகளின் வழி வந்தவர்கள். குழுவின் கையில் ஒரு சின்னத் தொகை, மேசைமேல் ஆறு யோசனைகள். "எல்லாமே நல்லதாகத்தான் தெரிகிறது, எதற்குக் கை தூக்குவது என்றுதான் புரியவில்லை" என்கிறார். அங்கேயே பொதுச் சுகாதாரம் படிக்கும் ஒரு தம்பியும் கிட்டத்தட்ட இதையே வேறு வார்த்தையில் கேட்டிருந்தார். இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் பிரச்சினையின் அளவு. அமெரிக்காவில் 2017 முதல் 2020 தொடக்கம் வரை எடுத்த தேசியக் கணக்கெடுப்பில், 2 முதல் 19 வயதுள்ளவர்களில் 19.7 விழுக்காட்டினருக்கு உடல்பருமன் இருந்தது. லத்தீனோப் பிள்ளைகளை மட்டும் எடுத்தால் 26.2 விழுக்காடு, அதாவது நாலில் ஒன்றுக்குச் சற்று மேல். வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளில் அது 16.6. 'அவர்கள் சாப்பாட்டுப் பழக்கம் அப்படி' என்று இதைக் கடந்துபோக முடியாது. பீன்ஸ், சோள டோர்ட்டியா, தக்காளி, அவகாடோ, எலுமிச்சை என்று ஓடும் வீட்டுச் சமையலில் பெரிய குற்றம் ஒன்றும் இல்லை. தெருவில் எது கிடைக்கிறது, என்ன விலைக்குக் கிடைக்கிறது, பள்ளியில் தட்டில் என்ன விழுகிறது, குழாயில் வரும் தண்ணீரை நம்பிக் குடிக்க முடிகிறதா, இவைதான் கேள்வி. உணவுச் சூழல் என்று சொல்வது இதைத்தான்.

## எதை வைத்து அளப்பது

யோசனைகளை ஒப்பிடுவதற்கு முன் அளவுகோலைப் பேசிவிடலாம். இல்லாவிட்டால் யார் அழகான படம் காட்டுகிறாரோ அவர் பக்கம்தான் ஓட்டு விழும்.

- வாய்க்குப் போவது மாறுகிறதா? கடையில் ஆப்பிள் வந்தது ஒரு செய்தி, அதை வாங்கினார்கள் என்பது வேறு செய்தி, குழந்தை அதைத் தின்று எடை சீரானது மூன்றாவது செய்தி. பல திட்டங்கள் முதலாவதைச் செய்துவிட்டு மூன்றாவதைச் சாதித்ததாகப் பேசும்.
- தினமும் யார் மெனக்கெட வேண்டும்? இரண்டு வேலை பார்க்கும் ஒரு அம்மா தினமும் ஒரு நல்ல முடிவு எடுத்தால்தான் ஓடும் திட்டம் என்றால், அது சீக்கிரம் படுத்துவிடும்.
- மறைந்திருக்கும் செலவு யார் தலையில்? பட்ஜெட்டில் வராதது: அழுகிய வாழைப்பழம், பக்கத்து ஊருக்குப் போன வாடிக்கையாளர், கவுண்டரில் பட்ட அவமானம்.
- குடியேற்றப் பயம். வீட்டில் ஒருவருக்குக் காகிதம் சரியில்லை என்றால், பெயர் கொடுக்கச் சொல்லும் எந்தத் திட்டத்தையும் அந்த வீடே தள்ளி நின்று பார்க்கும்.
- மானியம் தீர்ந்த பிறகு நிற்குமா?

இரண்டாவதற்கும் நாலாவதற்கும் நான் கொஞ்சம் கூடுதல் எடை போடுகிறேன். முன்கூட்டியே சொல்லிவிடுவது நியாயம்.

## யோசனை 1: கடையை மாற்றுவது

இதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது. நல்ல காய்கறிக் கடை இல்லை, அதனால் சாப்பாடு சரியில்லை, ஒரு சூப்பர்மார்க்கெட் வந்தால் சரியாகிவிடும். கேட்க எவ்வளவு நேராக இருக்கிறது!

நியூயார்க்கின் பிராங்க்ஸில், லத்தீனோக்களும் கறுப்பினத்தவரும் வாழும் மோரிசேனியா பகுதியில், அரசு சலுகையோடு 2011-ல் ஒரு சூப்பர்மார்க்கெட் திறந்தார்கள். கடை திறப்பதற்கு முன்னும் பின்னும் குழந்தைகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். சொல்லிக்கொள்ளும்படி எந்த மாற்றமும் இல்லை. பின்னால் 2019-ல் வெளிவந்த ஒரு பெரிய பொருளாதார ஆய்வு நாடு முழுக்க வீடுகளின் கொள்முதலைப் பார்த்துவிட்டு, பணக்கார வீட்டுக்குக் கிடைக்கும் அதே சரக்கை அதே விலையில் ஏழை வீட்டுக்கும் கொடுத்தால் இருவருக்கும் இடையிலான சத்து வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்குதான் மறையும் என்று கணக்குப் போட்டது.

சரி, பெரிய கடை வேண்டாம், இருக்கிற மூலைக்கடையையே மாற்றலாமே என்பது அடுத்த யோசனை. போதேகா என்றும் தியெந்தா என்றும் அழைக்கப்படும் சின்னக் கடைகள். கிழக்கு லாஸ் ஏஞ்சலஸிலும் பாயில் ஹைட்ஸிலும் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். கடைக்கு வண்ணம் பூசி, பழக்கூடைகளை வாசலுக்குக் கொண்டுவந்து, குளிர்பெட்டி வைத்து, அந்தப் பகுதி உயர்நிலைப் பள்ளி மாணவர்களையே பிரசாரத்துக்கு இறக்கி, ஒரு குறையும் வைக்காமல் செய்தார்கள். கடையைப் பற்றி மக்களின் அபிப்பிராயம் நன்றாக மாறியது. சாப்பாடு மாறவில்லை. 2016-ல் வந்த ஆய்வுக் கட்டுரை இதைத் தலைப்பிலேயே ஒத்துக்கொண்டது. அந்தத் தலைப்பு இந்த இரண்டு பகுதிகளையும் உணவுச் சதுப்பு என்று அழைத்தது. உணவுப் பாலைவனம் என்றால் நல்லது இல்லாத இடம். சதுப்பு என்றால் நல்லது இருந்தும், மலிவான சர்க்கரையும் உப்பும் எண்ணெயும் அதை மூழ்கடிக்கிற இடம். லத்தீனோப் பகுதிகள் பலவற்றில் கறிக்கடையிலும் தியெந்தாவிலும் கொத்தமல்லியும் தக்காளியும் மிளகாயும் ஏற்கெனவே நல்லதாகவே கிடைக்கின்றன. அங்கே இன்னொரு கூடை தக்காளி எதைச் சாதிக்கும்?

கடைக்காரர் பக்கம் நின்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். சிப்ஸ் கம்பெனி வண்டி வருகிறது, ரேக்கை அவர்களே நிரப்புகிறார்கள், காலாவதியானதை அவர்களே எடுத்துப் போகிறார்கள். குளிர்பானக் கம்பெனி ஃபிரிட்ஜையே இலவசமாகத் தருகிறது, உள்ளே எங்கள் பாட்டில்தான் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. வாழைப்பழத்துக்கு இந்த மரியாதை எதுவும் கிடையாது. விடியற்காலையில் மொத்தச் சந்தைக்கு அவரே ஓட வேண்டும், மூன்றாம் நாள் கறுத்தால் நஷ்டமும் அவருடையதே. திட்டத்தில் கொடுத்த குளிர்பெட்டி கெட்டுப்போனால் ரிப்பேருக்கு யார் காசு கொடுப்பது? இந்த வரியை எந்த மானிய விண்ணப்பத்திலும் நான் பார்த்ததில்லை.

இந்தக் கடைகள் முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. ஃபிலடெல்ஃபியாவில் பள்ளிப் பிள்ளைகள் மூலைக்கடையில் என்ன வாங்குகிறார்கள் என்று கடை வாசலிலேயே நின்று பார்த்த ஆய்வு ஒன்று 2009-ல் வந்தது. சராசரியாகப் பிள்ளை செலவழித்தது 1 டாலர் 7 சென்ட். கையில் வந்தது 350 கலோரிக்கு மேல், பெரும்பாலும் சிப்ஸ், மிட்டாய், இனிப்புப் பானம். ஒரு டாலருக்கு அவ்வளவு கலோரி! அந்த விலை விளையாட்டில் அலமாரியை இடம் மாற்றி வைப்பது ஜெயிக்காது.

எப்போது இதுவே சரி: உண்மையிலேயே கடை இல்லாத இடம். கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் திராட்சையும் லெட்டூஸும் பறிக்கும் தொழிலாளர் குடியிருப்புகளில், அந்தத் திராட்சையை வாங்கவே கார் எடுத்துக்கொண்டு போக வேண்டிய ஊர்கள் உண்டு. அங்கே கடைதான் முதல் வேலை.

## யோசனை 2: புதிய துரித உணவுக் கடைக்குத் தடை

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம், ஏனென்றால் விடை ஏற்கெனவே வந்துவிட்டது. லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 2008-ல் அதன் தென்பகுதியில் தனிக் கட்டடத்தில் புதிய துரித உணவுக் கடை திறப்பதற்குத் தடை போட்டது. நாடே திரும்பிப் பார்த்தது. ராண்ட் ஆய்வு நிறுவனம் 2015-ல் கணக்குப் பார்த்தபோது, தடை இருந்த பகுதியில் அதிக எடை உள்ளவர்கள் 2007-ல் 63 விழுக்காடாக இருந்து 2011-ல் 75 ஆகியிருந்தார்கள். தடை இல்லாத பகுதிகளில் 57-லிருந்து 58.

தடையால் எடை கூடியது என்று யாரும் சொல்லவில்லை. இருந்த கடைகளைத் தடை தொடவே இல்லை, வணிக வளாகத்துக்குள் வரும் கடைகளையும் தொடவில்லை. போதாததற்கு, அந்தப் பகுதியில் அதிகமாக இருந்தவை சின்ன மூலைக்கடைகள், பெரிய சங்கிலி உணவகங்கள் அல்ல. நோய் ஒரு இடத்தில், கட்டு வேறு இடத்தில்.

எப்போது சரி: புதிதாக எழும்பும் குடியிருப்பில், பள்ளிக்கு அருகில் இன்னும் எதுவும் கட்டாத நிலையில், திட்ட அனுமதியோடு சேர்த்து யோசிக்கலாம். பழைய பகுதியில் இதற்காக உங்கள் அரசியல் பலத்தைச் செலவழிக்காதீர்கள்.

## யோசனை 3: சர்க்கரைப் பான வரி

இதற்கு ஆதாரம் கனமானது. மெக்சிகோ 2014 ஜனவரியில் லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்டது. வரி போட்ட பானங்களின் கொள்முதல் முதல் ஆண்டு 5.5 விழுக்காடும் இரண்டாம் ஆண்டு 9.7 விழுக்காடும் குறைந்தது. அமெரிக்காவில் பெர்க்லி நகரம் 2014 நவம்பரில் ஓட்டெடுப்பில் ஜெயித்து, அடுத்த மார்ச்சில் அவுன்ஸுக்கு ஒரு சென்ட் வரியைக் கொண்டுவந்தது. வருமானம் குறைந்த பகுதிகளில் இனிப்புப் பானம் குடிப்பது 21 விழுக்காடு இறங்கியது. பக்கத்து ஊர்களில் அதே சமயம் 4 விழுக்காடு ஏறியது. வாங்குவதும் குடிப்பதும் குறைந்தது சரி, எடை? அதற்கும் பதில் வரத் தொடங்கியிருக்கிறது. சியாட்டிலில் 2018-ல் வரி வந்த பிறகு அந்த நகரக் குழந்தைகளின் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, ஒப்பீட்டுப் பகுதிக் குழந்தைகளைவிடச் சற்று இறங்கியதாக 2024-ல் ஓர் ஆய்வு வெளியானது.

அளவுகோலில் இரண்டாவதை நினைத்துப் பாருங்கள். வரிக்கு அம்மா மெனக்கெட வேண்டியதில்லை, யாரும் பெயர் கொடுக்க வேண்டியதில்லை. அந்த வகையில் இது எனக்குப் பிடித்த ஏற்பாடு.

மறைசெலவுக்கு வருவோம். ஃபிலடெல்ஃபியா 2017-ல் அவுன்ஸுக்கு ஒன்றரை சென்ட் போட்டபோது நகரத்துச் சங்கிலிக் கடைகளில் விற்பனை பாதியாக, 51 விழுக்காடு, விழுந்தது. எல்லையைத் தாண்டிப் போய் வாங்கியதைக் கழித்தால் மிஞ்சும் குறைவு 38. அதுவும் பெரிய குறைவுதான். ஆனால் எல்லையோரம் கடை வைத்திருப்பவருக்குச் சராசரி சோறு போடாது. அப்புறம், வரிக்குச் சம்பாத்தியம் தெரியாது: ஏழை வீட்டு வருமானத்தில்தான் அது பெரிய பங்கு. வசூலான பணம் அதே தெருவுக்குத் திரும்பினால் இதை நியாயப்படுத்தலாம், நகராட்சியின் பொதுக் கல்லாவில் கரைந்தால் முடியாது. பெர்க்லி ஒரு வல்லுநர் குழு வைத்துப் பள்ளித் தோட்டத்துக்கும் சமையல் வகுப்புக்கும் பணம் தந்தது. சியாட்டில் பழம் காய்கறி வாங்க உதவித்தொகை கொடுத்தது.

அரசியல் செலவு இன்னும் பெரிது. கலிஃபோர்னியாவிலேயே 2012-ல் ரிச்மண்டிலும், லத்தீனோக்கள் பெரும்பான்மையான எல் மான்டேயிலும் வரியை மக்கள் பெரும் வித்தியாசத்தில் தோற்கடித்தார்கள். பானக் கம்பெனிகள் பணத்தைக் கொட்டின, 'இது ஏழைகள் மேல் வரி' என்று வீடு வீடாகச் சொன்னார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் 2014-ல் பாதிக்கு மேல் ஓட்டு விழுந்தும் தோற்றது. பணத்தை எதற்குச் செலவிடுவோம் என்று சட்டத்திலேயே எழுதியதால் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு தேவைப்பட்டது. பெர்க்லி அதை எழுதாமல் பொது வரியாகக் கொண்டுவந்து, தனியாகக் குழு அமைத்ததன் சூட்சுமம் அதுதான். 2018-ல் கம்பெனிகள் மாநிலச் சட்டமன்றத்தையே வளைத்து, 2031 வரை எந்த ஊரும் புதிதாக இந்த வரி போடக் கூடாது என்று சட்டம் வாங்கின. மீறும் ஊருக்கு விற்பனை வரி வருமானம் போய்விடும் என்ற மிரட்டலும் அதில் இருந்தது. ஃபிரெஸ்னோவின் லத்தீனோ நல அமைப்பான குல்த்தீவா லா சாலூத் வழக்குப் போட்டு அந்தத் தண்டனைப் பிரிவை 2023-ல் உடைத்தது. அதன் பிறகுதான் சான்டா குரூஸ் நகரம் 2024 நவம்பரில் துணிந்தது.

எப்போது சரி: உங்கள் ஊர் தனியாக வரி போட வழி இருந்து, லத்தீனோ அமைப்புகளே முன்வரிசையில் நின்றால். வெளியிலிருந்து வந்து 'உங்கள் நல்லதுக்காக' என்று சொன்னால் எல் மான்டே கதைதான்.

## யோசனை 4: நல்லதற்கு விலைக்கழிவு

இதன் மறுபக்கம், நல்லதை மலிவாக்குவது. மாசசூசெட்ஸின் ஹாம்ப்டன் கவுண்டியில், புவர்ட்டோ ரிக்கோக்காரர்கள் அதிகம் வாழும் ஹோலியோக்கும் ஸ்பிரிங்ஃபீல்டும் இருக்கும் இடத்தில், 2011-12-ல் ஒரு சோதனை நடந்தது. ஏழை வீடுகளுக்கு அரசு தரும் உணவு உதவியான ஸ்நாப் அட்டையில் பழம் காய்கறி வாங்கினால் டாலருக்கு 30 சென்ட் அட்டையிலேயே திரும்ப ஏறும். கழிவு கிடைத்தவர்கள் மற்றவர்களைவிட 26 விழுக்காடு அதிகமாகப் பழமும் காயும் சாப்பிட்டார்கள். பெரியவர்களிடம் அளந்த கணக்கு அது, எடையை அளக்கவில்லை. பழம் கூடியது, சோடா குறைந்ததா என்பது வேறு கேள்வி.

ஐந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான விக் திட்டம் இதைவிட ஆழமாகப் போனது. ஏழைத் தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் மாதாமாதம் உணவுப் பட்டியல் தரும் இந்தத் திட்டத்தின் பட்டியலையே 2009 அக்டோபரில் மாற்றினார்கள். ஜூஸ் குறைந்தது, இரண்டு வயதுக்கு மேல் கொழுப்புக் குறைந்த பால், பழம் காய்கறிக்குத் தனித் தொகை, முழுத் தானியம் உள்ளே வந்தது. முழுத் தானியம் என்றால் ரொட்டி மட்டும்தான் என்றிருந்தால் பாதி வீட்டில் அது அலமாரியிலேயே தூங்கியிருக்கும். பட்டியலில் சோள டோர்ட்டியாவையும் சேர்த்தார்கள். யாரோ ஒருவர் இந்த வீடுகளின் அடுப்படியை எட்டிப் பார்த்திருக்கிறார்!

கடைக்காரரையும் இது மாற்றியது. விக் வாடிக்கையாளர்களுக்கு விற்க வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு வகைப் பழம், இரண்டு வகைக் காய், முழுத் தானியம் கடையில் இருந்தே ஆக வேண்டும் என்று அப்போது விதி வந்தது. வண்ணம் பூசியும் போஸ்டர் ஒட்டியும் நடக்காதது, வாடிக்கையாளர் போய்விடுவார் என்ற கணக்கில் நடந்தது. விக்கில் இருந்த 2 முதல் 4 வயதுக் குழந்தைகளில் உடல்பருமன் 2010-ல் 15.9 விழுக்காடு, 2014-ல் 14.5. பட்டியல் மாற்றம் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் இந்த வயதில், இந்த அளவில், இறங்கிய எண்ணைப் பார்ப்பது அரிது.

மறைசெலவு கவுண்டரில் இருக்கிறது. பட்டியலில் 16 அவுன்ஸ் என்றிருந்தால் 20 அவுன்ஸ் பாக்கெட் திரும்பி வரும். பின்னால் வரிசை, கையில் குழந்தை, விளக்குவதற்கு ஆங்கிலம் போதாத அம்மா. இரண்டு முறை இப்படி ஆனால் மூன்றாவது மாதம் அவர் வரமாட்டார். முதல் பிறந்தநாளுக்குப் பிறகு குழந்தைகள் திட்டத்திலிருந்து விலகுவது நாடு முழுக்க உள்ள தலைவலி.

அப்புறம் பயம். அரசு உதவி வாங்கினால் பச்சை அட்டைக்கு ஆபத்து என்ற விதி 2020 பிப்ரவரியில் அமலுக்கு வந்து 2021 மார்ச்சில் விலக்கப்பட்டது. அதில் ஸ்நாப் இருந்தது, விக் இல்லை. ஆனால் பயத்துக்கு இந்த நுணுக்கம் தெரியாது. இரண்டிலிருந்தும் விலகியவர்கள் இருந்தார்கள்.

எப்போது சரி: உங்கள் மாவட்டத்தில் பாலர் வகுப்பு இருந்தால், தகுதியிருந்தும் விக்கில் சேராத வீடுகளைத் தேடிச் சேர்க்க ஸ்பானிஷ் பேசும், அந்தத் தெருவுக்குத் தெரிந்த ஒரு பெண்ணை வேலைக்கு வைப்பது. ஒரு சம்பளம்தான் செலவு, உணவுக்கு மத்திய அரசு பணம் கொடுக்கிறது.

## யோசனை 5: பள்ளித் தட்டும் தண்ணீரும்

பள்ளி நாட்களில் காலை மதியம் இரண்டு வேளையும் பள்ளியில் சாப்பிடும் பிள்ளைகள் இங்கே ஏராளம். 2010-ல் வந்த சட்டத்தின்படி 2012-13 முதல் பள்ளிச் சாப்பாட்டின் தரம் மாறியது: தினம் பழமும் காயும், முழுத் தானியம், வகுப்புவாரியாகக் கலோரி வரம்பு. 2014-15-ல் பள்ளிக்குள் விற்கும் நொறுக்குத் தீனிக்கும் விதி வந்தது. 2020-ல் வெளியான ஆய்வு எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்தபோது மாற்றம் தெரியவில்லை. வறுமையில் இருக்கும் பிள்ளைகளைத் தனியாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது: சட்டம் வராமல் இருந்திருந்தால் 2018-ல் அவர்களிடையே உடல்பருமன் 47 விழுக்காடு கூடுதலாக இருந்திருக்கும் என்பது கணிப்பு. பள்ளித் தட்டையே நம்பியிருப்பவர்களுக்குத்தான் பலன் போய்ச் சேர்ந்திருக்கிறது. இதைவிட வேறென்ன வேண்டும்?

கலிஃபோர்னியாவில் 2022-23 முதல் எல்லாப் பொதுப் பள்ளிப் பிள்ளைக்கும் இரண்டு வேளை இலவசம், வருமானக் கேள்வி இல்லை. 'இலவசச் சாப்பாட்டு வரிசை' என்ற கூச்சம் போனது. பயமும் போனது.

சமையல்தான் சிக்கல். லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டம் 2011-ல் நக்கெட்டைத் தூக்கிவிட்டு கினோவா சாலட், காய்கறிக் கறி என்று ஒரே நாளில் பட்டியலை மாற்றியது. பிள்ளைகள் தொடவில்லை. தட்டுகள் குப்பைக்குப் போயின, மாணவர்களுக்குள்ளேயே சிப்ஸ் கள்ளச் சந்தை நடந்தது, கடைசியில் பர்கரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நம் ஊர்ச் சாயல் உள்ள கறிக்கும் அந்தக் கதிதான் என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஆனால் அது நியாயமான தோல்வி. அந்த வீடுகளில் பிள்ளைகள் ஏற்கெனவே விரும்பித் தின்னும் பீன்ஸும் போசோலேயும் கோழி டிங்காவும் இருக்க, கினோவாவுக்கு எதற்குப் போக வேண்டும்? நல்ல சமையலுக்கு வேண்டியது சமையலறை. பல பள்ளிகளில் இருப்பது சூடாக்கும் அடுப்பு மட்டும். மறைசெலவு அங்கே: கத்தி, பலகை, பெரிய பாத்திரம், இரண்டு மணி நேரக் கூடுதல் சம்பளம். மானியக் காசு போக வேண்டிய இடமும் அதுதான்.

தண்ணீர் இன்னும் மலிவான காரியம். நியூயார்க்கில் ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட தொடக்க, நடுநிலைப் பள்ளிகளை வைத்து ஓர் ஆய்வு 2016-ல் வந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் குளிர்ந்த தண்ணீர் தரும் பெரிய தொட்டியை வைத்தார்கள், உள்ளே தண்ணீர் தெரியும், நெம்புகோலை அழுத்தினால் டம்ளர் நொடியில் நிறையும். ஒன்றின் விலை சுமார் ஆயிரம் டாலர். அது வந்த பள்ளிகளில் அதிக எடையுள்ளவர்களின் பங்கு பையன்களிடம் 0.9 விழுக்காட்டுப் புள்ளியும் பெண் பிள்ளைகளிடம் 0.6 விழுக்காட்டுப் புள்ளியும் குறைந்தது. சின்ன எண்தான். ஒரு தண்ணீர்த் தொட்டிக்கு அது பெரிய எண்.

லத்தீனோ வீடுகளில் இதற்கு ஒரு தனி முக்கியத்துவம் உண்டு. குழாய்த் தண்ணீரை நம்பாதவர்கள் இங்கே அதிகம். மெக்சிகோவிலிருந்து வந்த பழக்கம் என்று சிரிப்பவர்கள், மத்தியப் பள்ளத்தாக்குக் கிணறுகளில் நைட்ரேட்டும் ஆர்சனிக்கும் இருப்பதையும் சொல்ல வேண்டும். 'ஆகுவா புரிஃபிகாடா' என்று பலகை போட்ட கடையில் கேன் கேனாகக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். தண்ணீருக்கும் காசு, சோடாவுக்கும் காசு என்றால் சுவையானது ஜெயிக்கும். அதனால் தொட்டி வைத்தால் மட்டும் போதாது. பரிசோதனை முடிவை ஸ்பானிஷில் அச்சடித்துத் தொட்டி மேலேயே ஒட்ட வேண்டும்.

எப்போது சரியில்லை: மாவட்டம் வெளி நிறுவனத்திடம் சாப்பாட்டு ஒப்பந்தம் போட்டு, அது முடிய இன்னும் சில ஆண்டுகள் இருந்தால் தட்டில் கை வைப்பது கடினம். தண்ணீருக்கு அந்தத் தடை இல்லை. இன்னொன்று, ஐந்து வயதுக்குள் ஏறிய எடைக்குப் பள்ளி தாமதமாகத்தான் வருகிறது.

## யோசனை 6: பழ வண்டி

யாரும் பட்டியலில் முதலாவதாகப் போடாதது, நான் வேண்டுமென்றே சேர்ப்பது. லாஸ் ஏஞ்சலஸ் தெருமுனையில் வானவில் குடையின் கீழ் ஒரு கண்ணாடிப் பெட்டி, உள்ளே பனிக்கட்டிமேல் மாம்பழம், அன்னாசி, வெள்ளரி, தர்பூசணி, ஹிக்காமா. வெட்டும் வேகத்தில் கத்தி தெரியாது. பையில் போட்டு எலுமிச்சை பிழிந்து, தஹீன் மிளகாய்ப்பொடி தூவி, ஒரு முள்கரண்டியைக் குத்திக் கொடுப்பார்கள். கடற்கரையில் உப்பும் மிளகாய்ப்பொடியும் போட்ட மாங்காய்ப் பத்தை தின்ற யாருக்கும் விளக்கம் வேண்டாம். பள்ளி விடும் நேரத்தில் பிள்ளைகள் தாங்களே ஓடிவந்து வாங்கும் பழம் இது ஒன்றுதான்.

இந்த வண்டிகளை வெகு காலம் போலீஸ் விரட்டியது. தெருவோர வியாபாரம் குற்றமில்லை என்ற மாநிலச் சட்டம் 2019 ஜனவரியில்தான் அமலுக்கு வந்தது. சுகாதார அனுமதியும் அதற்கேற்ற வண்டியும் இன்னும் பெரிய செலவு. அதே வாசலில் சிப்ஸும் ஐஸ்கிரீமும் விற்கும் வண்டிகளும் நிற்கும் என்பது உண்மை. எடை குறைந்தது என்று காட்ட இதற்கு ஆய்வு கிடையாது. அதனால் இதைத் துணை யோசனையாக மட்டுமே வைக்கிறேன்: பள்ளி வாசலில் அனுமதி பெற்ற பழ வண்டிக்கு இடம் ஒதுக்குவது, அனுமதிக் கட்டணத்தில் உதவுவது.

## ஒரே பார்வையில்

| யோசனை | குழந்தைகளிடம் பலன் | தினமும் மெனக்கெடுவது | மறைசெலவு | குடியேற்றப் பயம் | நிலைத்து நிற்குமா |
|---|---|---|---|---|---|
| கடையை மாற்றுவது | தெரியவில்லை | கடைக்காரரும் அம்மாவும் | அழுகல், ரிப்பேர், வாடகை ஏற்றம் | இல்லை | மானியம் வரை |
| துரித உணவுத் தடை | தெரியவில்லை | யாரும் இல்லை | வீணான அரசியல் பலம் | இல்லை | நிற்கும், பயன் இல்லாமல் |
| சர்க்கரைப் பான வரி | உண்டு | யாரும் இல்லை | எல்லையோரக் கடை, ஏழை வீட்டுப் பை | இல்லை | ஜெயித்தால் நிற்கும் |
| விலைக்கழிவும் விக்கும் | விக்கில் நம்பிக்கை தருவது | அம்மா | கவுண்டர் அவமானம் | அதிகம் | மத்தியப் பணம் உள்ளவரை |
| பள்ளித் தட்டு, தண்ணீர் | ஏழைப் பிள்ளைகளிடம் தெளிவாக | சமையலறை ஊழியர் | கருவி, கூலி, வீணாகும் தட்டு | மிகக் குறைவு | நிற்கும் |
| பழ வண்டி | கணக்கு இல்லை | வியாபாரி | அனுமதி, வண்டி விலை | வியாபாரிக்கு உண்டு | சந்தையே தாங்கும் |

## யார் எதை எடுப்பது

நீங்கள் நகராட்சியில் இருந்தால் வரியைப் பாருங்கள், சட்டம் விட்டால். பாலர் பள்ளி நடத்தினால் விக். கடையே இல்லாத ஊரில் கடை.

எழுதிய வாசகிக்கு: உங்கள் குழுவுக்கு வரி போடும் அதிகாரம் இல்லை, கடை திறக்கும் பணமும் இல்லை. உங்களிடம் இருப்பது சாப்பாட்டுக் கூடம். இந்த ஆண்டுத் தொகையில் தண்ணீர்த் தொட்டிகளை முதலில் வாங்குங்கள். அதைக் கழிவறைக்குப் பக்கத்துச் சுவரில், பழைய குழாய் இருந்த இடத்திலேயே மாட்டலாம், பிளம்பிங் மிச்சம் என்று யாராவது சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். தட்டு வாங்கித் திரும்பும் இடத்தில், பால் பெட்டிக்கு முன்னால் இருக்க வேண்டும், பக்கத்தில் டம்ளர் அடுக்கோடு. மிச்சப் பணத்தில், சமையலறையில் வேலை பார்க்கும் பெண்களிடமே கேட்டு இரண்டு சமையலைத் தேர்ந்தெடுங்கள். அவர்களில் பலர் அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களும் பாட்டிகளும்தான். ஒரு வகுப்புக்கு மட்டும் முதலில் பரிமாறி, எத்தனை தட்டு காலியாகத் திரும்பி வருகிறது என்று எண்ணுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்த எண்ணைக் கொண்டு போங்கள்.